"ஸ்ட்ரெட்ச் பண்ணினாயா?" என்று கேட்பதற்கு முன்: பயிற்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பயிற்சியாளர்களுக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

விளையாட்டில் அடிபட்டு வருபவர்களுக்கு பிசியோதெரபி பார்ப்பது என் தொழில். கால்பந்து, தடகளம், கூடைப்பந்து, கிரிக்கெட் என்று எந்த ஆட்டமானாலும் சரி, வருபவர் எட்டாம் வகுப்பு மாணவியோ நாற்பது வயது ஓட்டக்காரரோ யாரானாலும் சரி, வந்து உட்கார்ந்ததும் பெரும்பாலும் ஒரே வாக்குமூலம்தான்: "அன்னிக்கு சரியா ஸ்ட்ரெட்ச் பண்ணல." நான் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறார்கள். கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். வலியில் தொடையைப் பிடித்துக்கொண்டு மைதானத்தில் கிடந்தபோது அவர்கள் காதில் விழுந்த முதல் கேள்வி அது.

அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். கூடவே இன்னொன்றும் கேட்கப்போகிறேன். பயிற்சி தொடங்கும்போது எல்லோரும் வட்டமாக நின்று, கேப்டன் பத்து வரை எண்ண, குனிந்து கால்விரலைத் தொட்டு, ஒரு காலை மடக்கிப் பின்னால் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்தப் பத்து நிமிடத்தை வேறு வேலைக்குக் கொடுங்கள்.

ஸ்ட்ரெட்சிங் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அசையாமல் இழுத்துப் பிடித்து நிற்கும் ஸ்ட்ரெட்சிங்கிடம் காயத்தைத் தடுக்கும் வேலையை ஒப்படைத்திருக்கிறோம், அந்த வேலையை அது செய்யவில்லை. என் புகார் இவ்வளவுதான்.

2000-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்விலிருந்து தொடங்குகிறேன். ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த 1,538 ஆண்களைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். 12 வாரப் பயிற்சி. இரண்டு குழுவுக்கும் வார்ம் அப் உண்டு. ஒரு குழுவுக்கு மட்டும் அந்த வார்ம் அப்பின்போது காலின் ஆறு முக்கியத் தசைத் தொகுதிகளுக்குத் தலா 20 விநாடி ஸ்ட்ரெட்சிங், அதுவும் மேற்பார்வையாளர் முன்னிலையில். யாரும் ஏமாற்றியிருக்க முடியாது. முடிவில் ஸ்ட்ரெட்ச் செய்த 735 பேரிடம் காலில் 158 காயங்கள். செய்யாத 803 பேரிடம் 175. கணக்குப் போட்டால் இரண்டு பக்கமும் நூற்றுக்கு 22-ஐ ஒட்டித்தான் வருகிறது. யார் அடிபடுவார்கள் என்பதைச் சொன்னது உடல் தகுதிதான். ஓட்டத் தேர்வில் பின்தங்கியிருந்தவர்களே பயிற்சியில் அதிகம் காயப்பட்டார்கள்.

"அது சிப்பாய்கள் கதை, எங்கள் பிள்ளைகள் வேறு" என்று நீங்கள் சொல்லலாம். நியாயமான ஆட்சேபம்தான். 2014-இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இந்த வகைச் சோதனைகள் 25-ஐ, மொத்தம் 26,610 பேரின் கணக்கை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். தசை வலுப் பயிற்சி காயங்களை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுவந்தது. ஒற்றைக் காலில் நிற்பது போன்ற சமநிலைப் பயிற்சிகளும் கணிசமாகக் குறைத்தன. ஸ்ட்ரெட்சிங் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

எனக்குச் சாதகமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்த மடலுக்கு மரியாதை இல்லை. நார்வேயிலும் ஆஸ்திரேலியாவிலும் பெரும்பகுதி நடந்து 2010-இல் வெளியான ஒரு சோதனையில் 2,377 பேர் கலந்துகொண்டார்கள். உடற்பயிற்சிக்கு முன்னும் பின்னும் தசைக்கு 30 விநாடி ஸ்ட்ரெட்சிங், 12 வாரம். மொத்தக் காயங்களில் வித்தியாசம் இல்லை. ஆனால் தசை, தசைநாண், மூட்டு நார் ஆகியவற்றில் ஏற்படும் காயங்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால், ஸ்ட்ரெட்ச் செய்தவர்களிடம் ஏறக்குறைய கால் பங்கு குறைவு. ஆகவே "ஒன்றுமே இல்லை" என்று மேசையைத் தட்ட நான் தயாரில்லை. ஏதோ கொஞ்சம் இருக்கலாம். பத்து நிமிடத்தில் இதைவிட எவ்வளவோ அதிகம் கிடைக்கும்போது, அந்தக் கொஞ்சத்துக்காக முழு நேரத்தையும் கொடுப்பதுதான் எனக்குப் புரியவில்லை.

ஏன் இப்படி? இங்கேதான் சற்று நிற்க வேண்டும், ஏனென்றால் உங்களில் பலரும் பிள்ளைகளுக்குச் சொல்லும் விளக்கம் ரப்பர் பேண்ட் விளக்கம். இறுக்கமான ரப்பர் அறுந்துவிடும், இழுத்து இழுத்துப் பழக்கினால் அறாது. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தசை அப்படிக் கிழிவதில்லை.

வேகமாக ஓடும்போது தொடையின் பின்தசை, அதாவது ஹாம்ஸ்ட்ரிங், எப்போது கிழிகிறது என்று பாருங்கள். பெரும்பாலும், முன்னால் வீசிய கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன். அந்தக் கணத்தில் கீழ்க்கால் முன்னோக்கிப் பாய்ந்துகொண்டிருக்கிறது. அதைப் பிடித்து நிறுத்த வேண்டியது பின்தசை. நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்க வேண்டிய நிலை அது. அப்போது அது எட்டும் நீளம், அதே பையன் தரையில் உட்கார்ந்து காலைத் தொடும்போது சாதாரணமாக எட்டும் நீளத்துக்கு உள்ளேதான் இருக்கும். நீளம் பற்றாமல் போனது அல்ல சிக்கல். நீண்ட நிலையில் அவ்வளவு பாரத்தை அவ்வளவு வேகத்தில் தாங்கும் பலம் பற்றவில்லை. அசையாமல் நின்று இழுப்பதால் அந்தப் பலம் வராது.

(நடனத்திலும் உயரமாகக் காலை வீசி உதைப்பதிலும் வரும் ஹாம்ஸ்ட்ரிங் காயம் வேறு ரகம். அங்கே தசை உண்மையிலேயே தன் நீளத்தின் எல்லைக்குப் போகிறது. அது குணமாகவும் அதிக நாள் எடுக்கும்.)

மற்ற காயங்களையும் ஒவ்வொன்றாக யோசித்துப் பாருங்கள். கணுக்கால் சுளுக்கு: அடுத்தவர் காலின் மேல் இறங்கிப் பாதம் உள்பக்கமாகப் பிரள்கிறது. கெண்டைக்கால் தசையை இழுத்துவிட்டிருந்தால் பிரளாதா? முழங்காலுக்குள் இருக்கும் ஏ.சி.எல். என்ற மூட்டு நார் கிழிவது: குதித்து இறங்கும்போதோ சட்டென்று திசை மாற்றும்போதோ முழங்கால் உள்பக்கமாகச் சாய்கிறது, கால் தரையில் பட்டதும் கண் இமைப்பதற்குள் நார் போய்விடுகிறது. ஓட்டக்காரர்களின் முன்கால் எலும்பில் விழும் நுண்விரிசல்: பழகாத தூரத்தைத் திடீரென்று ஓடியதன் விலை. மோதி விழுவதைச் சொல்லவே வேண்டாம். இதில் எதற்கும் இழுவைக்கும் நேரடித் தொடர்பு இல்லை.

இழுப்பதால் உடல் நெகிழ்வது உண்மைதானே என்றால், உண்மைதான். சில வாரம் விடாமல் செய்தால் கை இன்னும் கீழே எட்டும். ஆனால் அந்த முன்னேற்றத்தில் பெரும்பகுதி, தசையே நீண்டதால் வருவதல்ல, அந்த இழுவையைப் பொறுத்துக்கொள்ள நரம்பு மண்டலம் பழகியதால் வருவது. அதே விசையில் இழுத்தால் தசை முன்பு நீண்ட அளவுதான் நீளும். இப்போது இன்னும் பலமாக இழுக்க விடுகிறோம், அவ்வளவுதான்.

பின்தசை இறுகியிருப்பவர்களுக்குக் காயம் அதிகம் என்று சொல்லும் ஆய்வும் உண்டு. பெல்ஜியத்துக் கால்பந்து வீரர்களிடம் அப்படிக் கண்டதாக 2003-இல் வெளியிட்டார்கள். இறுக்கம் ஓர் அறிகுறியாக இருக்கலாம் என்பதை நான் மறுக்கவில்லை. அதற்கான மருந்து ஆட்டத்துக்கு முன் பத்து எண்ணுவதுதான் என்பது அதிலிருந்து வராது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்வோம். வார்ம் அப் வேறு, ஸ்ட்ரெட்சிங் வேறு. வார்ம் அப் என்றால் உடல் சூடாக வேண்டும், நாடித்துடிப்பு ஏற வேண்டும், மூச்சு வாங்க வேண்டும். தசை சூடேறினால் சுருங்கும் வேகம் கூடுகிறது, நரம்புச் செய்தி விரைவாகப் போகிறது. இதற்கு நல்ல பலன் உண்டு. பிள்ளைகளை இரண்டு சுற்று ஓடவிட்டு, பிறகு பத்து நிமிடம் அசையாமல் நிற்கவைத்து இழுக்கச் சொல்லும்போது என்ன நடக்கிறது? ஏறிய சூடு இறங்கிவிடுகிறது. குளிர்ந்த உடம்போடு ஆட்டத்துக்குள் போகிறார்கள்.

நீண்ட நேரம் இழுத்துப் பிடித்தால் உடனே அடுத்து வரும் நிமிடங்களில் தசையின் பலமும் சற்றுக் குறைகிறது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் சராசரியாக 4 முதல் 5 சதவீதம் வரை. ஒரு தசைக்கு ஒரு நிமிடத்துக்கும் குறைவாக இழுத்தால் இந்த இழப்பு கணக்கில் கொள்ளத்தக்கதல்ல. ஆகவே "ஸ்ட்ரெட்ச் செய்தால் பலவீனம்" என்று இப்போது சிலர் கிளப்பும் பயமும் தேவையற்றது. பழைய நம்பிக்கை போய் அதன் இடத்தில் புதிய மூடநம்பிக்கை வந்தால் என்ன லாபம்.

"அப்புறம் ஆட்டம் முடிந்து செய்யும் ஸ்ட்ரெட்சிங்? மறுநாள் உடம்பு வலிக்காதே" என்பார்கள். வலிக்கும். மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வில், 100 புள்ளி வலி அளவுகோலில் ஸ்ட்ரெட்சிங் குறைத்தது 4 புள்ளிக்கும் கீழே. நானும் நீங்களும் உணரவே முடியாத அளவு. செய்யப் பிடித்திருந்தால் செய்யலாம், சுகமாகத்தான் இருக்கும். மருந்து என்று சொல்லிக் கொடுக்க வேண்டாம்.

சரி, அந்தப் பத்து நிமிடத்தில் என்ன செய்வது?

கால்பந்துக்காரர்களுக்கு விடை 2006-லிருந்தே கையில் இருக்கிறது. ஃபிஃபாவின் மருத்துவ ஆய்வு மையமும் நார்வே, அமெரிக்க நிபுணர்களும் சேர்ந்து அமைத்த '11+' என்ற வார்ம் அப். மூன்று பகுதி, 15 பயிற்சிகள், பழகிவிட்டால் 20 நிமிடம். முதலில் மெதுவோட்டமும் பக்கவாட்டு அசைவுகளும். நடுவில் பிளாங்க் (முழங்கையையும் கால்விரலையும் ஊன்றி உடலை நேராகத் தூக்கிப் பிடிப்பது), பக்கவாட்டு பிளாங்க், ஹாம்ஸ்ட்ரிங் பயிற்சி, ஒற்றைக் காலில் நிற்றல், குந்தி எழுதல், குதித்து இறங்குதல். கடைசியில் வேக ஓட்டமும் திசை திருப்பலும். நின்று இழுக்கும் ஸ்ட்ரெட்சிங் இதில் ஒன்றுகூடக் கிடையாது. நார்வேயில் 13 முதல் 17 வயது வரையிலான 1,892 பெண் வீராங்கனைகளிடம் ஒரு சீசன் முழுவதும் இதைச் சோதித்தார்கள். 2008-இல் முடிவு வெளியானது. மொத்தக் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. கடுமையான காயங்கள் கிட்டத்தட்ட பாதியாயின. கருவி வேண்டாம், ஜிம் வேண்டாம், ஒரு பந்தும் தரையும் போதும்.

தனியாக ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடு என்று என்னைக் கட்டாயப்படுத்தினால், வேகமாக ஓடும் எந்த ஆட்டத்துக்கும் நார்டிக் ஹாம்ஸ்ட்ரிங் பயிற்சியைச் சொல்வேன். முழங்காலில் நிற்க வேண்டும். பின்னால் ஒருவர் இரண்டு கணுக்காலையும் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். தலை முதல் முழங்கால் வரை நேராக வைத்துக்கொண்டு, மெதுவாக முன்பக்கம் சாய வேண்டும், முடிந்தவரை பின்தசையால் விழுவதைத் தடுத்துக்கொண்டே. தாங்க முடியாத கட்டத்தில் கையை ஊன்றிக்கொள்ளலாம். இடுப்பு மடங்கினால் பயிற்சி வீண். நான் மேலே சொன்னேனே, தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்க வேண்டும் என்று, அதை அப்படியே பழக்குவது இது. டென்மார்க்கில் 942 கால்பந்து வீரர்களிடம் சோதித்து 2011-இல் வெளியிட்டார்கள். பயிற்சி செய்த 461 பேரில் 15 ஹாம்ஸ்ட்ரிங் காயங்கள். செய்யாத 481 பேரில் 52.

ஒரு எச்சரிக்கை. இதை முதல் நாளே மூன்று செட் செய்ய வைத்தால் மறுநாள் பிள்ளைகள் படியேற மாட்டார்கள், அதற்கடுத்த நாள் உங்களை நம்ப மாட்டார்கள். டேனிஷ் சோதனையிலேயே முதல் வாரம் ஒரே ஒரு நாள், இரண்டு செட், செட்டுக்கு ஐந்து முறை என்றுதான் தொடங்கினார்கள். இரண்டாம் வாரம் இரண்டு நாள். அப்படியே மெல்ல ஏற்ற வேண்டும். பெரிய போட்டிக்கு முந்தைய நாள் ஆரம்பிக்கவே கூடாது.

குதித்து இறங்கும் ஆட்டங்களில், அதாவது கூடைப்பந்து, கைப்பந்து (வாலிபால்), ஹேண்ட்பால் போன்றவற்றில், உங்கள் கண்தான் பெரிய கருவி. பிள்ளை இறங்கும்போது முன்னால் நின்று முழங்காலைப் பாருங்கள். பாதத்துக்கு நேர் மேலே நிற்கிறதா, உள்பக்கமாக ஒன்றையொன்று தொடப் போகிறதா? சத்தமில்லாமல் இறங்கு, முழங்காலை மடக்கி இறங்கு என்று திரும்பத் திரும்பச் சொன்னால் போதும், மாற்றம் தெரியும். பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். ஒரே ஆட்டத்தில் ஆண்களைவிட அவர்களுக்கு ஏ.சி.எல். காயம் பல மடங்கு அதிகம். கணுக்கால் ஒருமுறை சுளுக்கியவருக்கு ஒற்றைக் காலில் நின்று பந்தைப் பிடித்துப் போடும் பயிற்சி. பல் தேய்க்கும்போதுகூட ஒற்றைக் காலில் நிற்கச் சொல்கிறேன் நான். சிரிக்கிறார்கள், ஆனால் செய்கிறார்கள்.

ஸ்ட்ரெட்சிங்குக்கு இடமே இல்லையா? நிச்சயம் உண்டு. ஜிம்னாஸ்டிக்ஸ், நடனம், தடை ஓட்டம் போன்றவற்றில் அந்த நெகிழ்வு இல்லாமல் ஆட்டமே இல்லை. அவர்கள் அதைத் தனி நேரத்தில், உடல் சூடான பிறகு, பயிற்சியாகவே செய்ய வேண்டும். தசை பிடித்துக்கொண்டால், கெண்டைக்கால் கல்லாக இறுகி ஆள் வலியில் கத்தும்போது, மெதுவாக இழுத்து விடுவதுதான் உடனடி நிவாரணம். ஒருவருக்கு ஆட்டத்துக்கு முன் காலை இழுத்துவிட்டால்தான் மனம் நிற்கும் என்றால் அவரைத் தடுக்காதீர்கள். சில விநாடி செய்துவிட்டு ஓடட்டும்.

ஆனால் ஒரு வழக்கத்தை மட்டும் இன்றே நிறுத்துங்கள். கால்களை அகட்டி உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் முதுகில் இன்னொருவர் ஏறி அழுத்துவது. அழுகிற குழந்தையைப் பார்த்து "வலிச்சாதான் வளையும்" என்று சொல்வதையும் கேட்டிருக்கிறேன். வளரும் வயதில் தொடைத் தசை இடுப்பெலும்போடு ஒட்டும் இடம் முழுதாக எலும்பாகியிருக்காது, குருத்தெலும்பு இன்னும் இருக்கும். வன்மையாக இழுத்தால் தசை கிழிவதற்குப் பதில் எலும்புத் துண்டே பெயர்ந்து வரலாம். பிறவியிலேயே மூட்டு அதிகம் வளையும் பிள்ளைகளும் உண்டு. அவர்களைத்தான் "எவ்வளவு நல்லா வளையுது பார்" என்று எல்லோருக்கும் காட்டுகிறோம். அவர்களுக்கு வேண்டியது வளைவு அல்ல, மூட்டைப் பிடித்து நிறுத்தும் பலம்.

வார்ம் அப்புக்கு வெளியே இருக்கும் காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அவை உங்களுக்கும் தெரிந்தவைதான். விடுமுறை முடிந்து வந்த முதல் வாரத்திலேயே பழைய சுமையைத் தலையில் ஏற்றுவது. ஒரே பிள்ளையைப் பள்ளி அணி, கிளப் அணி, மாவட்ட அணி என்று மூன்று இடத்தில் ஆடவிடுவது, ஒரு கோச்சுக்கு மற்றவர் கொடுக்கும் சுமை தெரியாமலே. பழைய காயம் முழுதாக ஆறுவதற்குள் இறுதிப் போட்டி என்று களத்தில் இறக்குவது. ஹாம்ஸ்ட்ரிங் காயத்துக்கு, முன்பு வந்த அதே காயத்தைவிடப் பெரிய முன்னறிவிப்பு வேறில்லை. தூக்கமும் அப்படித்தான். 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், இரவில் 8 மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கிய வளரிளம் வீரர்கள் காயப்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட 1.7 மடங்கு இருந்தது. விடிகாலை ஐந்து மணிப் பயிற்சியை வைத்துவிட்டு, பிள்ளை ஸ்ட்ரெட்ச் செய்ததா என்று கவலைப்படுகிறோம்.

வட்டமாக நின்று எண்ணுவதில் வேறு நன்மை இருப்பது எனக்கும் தெரியும். வருகை தெரிகிறது, சலசலப்பு அடங்குகிறது, அணி ஓர் அணியாக உணர்கிறது. வட்டத்தைக் கலைக்க வேண்டாம். அதே வட்டத்தில் அதே கேப்டன் எண்ணட்டும், எண்ணுவது பிளாங்க்குக்காகவும் ஒற்றைக் கால் நிலைக்காகவும் இருக்கட்டும்.

பயிற்சியாளர் சான்றிதழுக்குப் பாடத்திட்டம் எழுதுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. "காயங்களைத் தவிர்ப்பது எப்படி?" என்ற கேள்விக்கு "ஆட்டத்துக்கு முன் ஸ்ட்ரெட்சிங் செய்ய வேண்டும்" என்று எழுதினால் இன்னும் முழு மதிப்பெண் கிடைக்கிறது என்றால், மைதானத்தில் நிற்கும் பயிற்சியாளரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. விடைத்தாளை முதலில் திருத்துங்கள்.

கடைசியாக, ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். யாருக்கு, எந்த இடத்தில், என்ன செய்துகொண்டிருந்தபோது, பயிற்சியின் எத்தனையாவது நிமிடத்தில் அடிபட்டது, அதற்கு முந்தைய இரண்டு வாரம் எவ்வளவு ஆடினார், இரவு எவ்வளவு தூங்கினார், இதே இடத்தில் முன்பு அடிபட்டிருக்கிறதா. ஒரு காயத்துக்கு ஐந்து வரி போதும். அடிபட்டவர் எழுந்து உட்கார்ந்த பிறகு, "ஸ்ட்ரெட்ச் பண்ணினாயா?" என்பதற்குப் பதில் இந்தக் கேள்விகளைக் கேட்டுக் குறித்துவையுங்கள். அரை சீசன் முடியும்போது அந்தப் பக்கங்களை எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் பிசியோ யாரிடமாவது போய் உட்காருங்கள். எந்தப் பயிற்சியை எந்த நாளில் வைப்பது என்று அங்கிருந்து பேசத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளை அடிபட்ட பிறகு மட்டும் பார்க்கும் ஒரு பிசியோதெரபிஸ்ட்